தோத்தவன்தான் பந்தை எடுக்கணும்

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த அன்று என் கொழுந்தன் வீட்டில் இல்லை. அண்ணன் கல்யாணம் என்றுகூடப் பார்க்காமல் பந்து விளையாடப் போயிருந்தான். சாயங்காலம்தான் வந்தான். முட்டியில் ரத்தம், தலையெல்லாம் மண். வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணி, தையல் மிஷின் கொண்டு வந்திருக்கீங்களாமே, இந்த டிராயரைக் கொஞ்சம் தைச்சுத் தர்றீங்களா?" என்றான். புதுப்பெண்ணிடம் அவன் பேசிய முதல் பேச்சே அதுதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கட்டியிருந்த பட்டுப்புடவையோடு மிஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன்.

மாமனாரும் மாமியாரும் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறை. இரும்புத் தூளோடு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். தம்பி அப்போது பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு. அவனுக்குச் சோறு போடுவதும் கிழிந்ததைத் தைப்பதும் என் பாடாயிற்று. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஆண்டவன் கணக்கு வேறாக இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருத்தனைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுத்தான், அவ்வளவுதான்.

விளையாட்டுக்காகவே அவனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஒரு விளையாட்டு ஆடுகிறவனைப் பார்த்திருப்பீர்கள். இவன் மூன்று ஆடினான். கால்பந்து, வாலிபால், ஓட்டப்பந்தயம். மூன்றுக்கும் மூன்று வித ஷூ, மூன்று விதச் சட்டை. ஒரே பையில் திணித்துக்கொண்டு போய், ஓடுகிற இடத்தில் கால்பந்து பூட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு முழிப்பான். லாரி மேல் போடும் தார்ப்பாயில் மிஞ்சிய துண்டு பட்டறையில் கிடந்தது. அதை வெட்டி மூன்று பைகள் தைத்தேன். கால்பந்துக்குச் சிவப்புக் கைப்பிடி, ஓட்டத்துக்கு நீலம், வாலிபாலுக்கு மஞ்சள். பார்க்காமலே கையை நீட்டி எடுக்கலாம்.

ஒரு போட்டி நாளில் ஓட்டத்துக்கும் வாலிபாலுக்கும் ஒரே நேரம் வந்துவிட்டது. இவன் ஓடி முடித்த வேகத்தில் நிற்காமல் வாலிபால் பக்கம் போனான். போகிற வழியிலேயே ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு ஷூ மாற்றினான். மூன்று பையும் தோளில் ஆடுகின்றன. மைதானமே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்கு 'மூணுபை' என்று பேர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பேரை வாத்தியார்களே மறந்துபோனார்கள்.

அந்தப் பேரை வைத்தவன் அவனோடு படித்த ஊசி. ஊசி என்றால் அப்படி ஒரு ஒல்லி. காற்றடித்தால் பறந்துவிடாமல் வாலிபால் நெட்டைப் பிடித்துக்கொள்வான் என்று கேலி செய்வார்கள். வாலிபாலில் ஊசி பந்தைத் தூக்கிக் கொடுப்பான், இவன் எகிறி அடிப்பான். எதிரெதிர் அணியில் ஆடினாலோ இரண்டு பேரும் ஜென்மப் பகையாளிகள்தான். ஒருத்தனை ஒருத்தன் வாயாலேயே பாதி தோற்கடித்துவிடுவான்.

அந்த மைதானத்தில் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தோத்தவன்தான் பந்தை எடுக்கணும். மைதானத்தின் ஓரத்தில் இடுப்பளவுக்கு இடிந்த சுவர் ஒன்று உண்டு. அதற்கு அந்தப் பக்கம் பள்ளம், முள்ளுச்செடி. அடிக்கிற பந்து அங்கேதான் போய் விழும். கடைசிப் பந்தை யார் கோட்டைவிட்டானோ அவன் சுவர் ஏறிக் குதித்து எடுத்துவர வேண்டும். நெட்டையும் அவனே அவிழ்த்துச் சுருட்ட வேண்டும். இதில் பெரியவன் சின்னவன் கிடையாது. ஒருநாள் பி.டி. சாரே கூட ஆடி, கடைசிப் பந்தை விட்டுவிட்டார். பையன்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். சார் சுவர் ஏறினார், பேன்ட் கிழிந்தது. மறுநாள் காலையில் அந்தப் பேன்ட் காகிதத்தில் சுற்றி என் மிஷினுக்கு வந்தது. "யாருக்கும் சொல்லாதேம்மா" என்று சொல்லியனுப்பியிருந்தார். நான் சொல்லாத ஆளே இனி பாக்கியில்லை.

சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பேன். ஆட்டம் எனக்குப் புரியாது. அவன் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதே கிடையாது. ஜெயிப்பது தோற்பதெல்லாம் அவன் சமாசாரம். ஆண்டவனே, கைகால் முழுசாக வீடு வரட்டும். அது ஒன்றுதான் என் வேண்டுதல்.

படிப்பு முடிகிற சமயம் பி.டி. சார்தான் ராணுவ அதிகாரி தேர்வுக்குப் போகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. பட்டறையைத் தம்பி கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தார்.

"சண்டைக்குப் போற மூஞ்சியாடா இது? கரப்பான்பூச்சிக்கே பயப்படுவே" என்றார்.

"பயமில்லைண்ணே, அருவருப்பு. ரெண்டும் வேற."

"அங்கே என்னடா இருக்கு உனக்கு?"

அவன் என் பக்கம் திரும்பினான். கண்ணெல்லாம் வெளிச்சம். "அண்ணி, அங்கே தினமும் சாயங்காலம் விளையாட்டு உண்டாம். கட்டாயமாம். விளையாடலைன்னாதான் திட்டுவாங்களாம். இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்க!"

சாகிற இடம், குளிரில் உறைகிற இடம் என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை. ஆயுசு முழுக்க விளையாட ஒரு மைதானம் கிடைத்துவிட்டது என்றே கிளம்பினான்.

பயிற்சிக் காலம் நன்றாகத்தான் போயிற்று. அங்கே எல்லாரும் ஒரே மாதிரி மொட்டைத் தலை. போனில் பேசும்போது உதடு கிழிந்ததைக்கூடச் சந்தோஷமாகச் சொல்வான். அதற்குப் பிறகு தோளில் நட்சத்திரம் ஏறியது. ஏறியதும் என்ன ஆயிற்று என்பதை அவன் உடனே சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தபோது சிவப்புப் பையையும் நீலப் பையையும் வீட்டிலேயே மாட்டிவிட்டுப் போனான். "இருக்கட்டும் அண்ணி, அங்கே இடமில்லை" என்றான். ராணுவத்தில் இடமில்லாமலா போகும் என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில்தான் வெளியே வந்தது.

"அண்ணி, நான் நல்லா ஆடுறேனா இல்லையான்னே எனக்குத் தெரியலை."

"ஏன்ப்பா, ஜெயிக்கலையா?"

"எப்பவும் ஜெயிக்கிறேன். அதான் பிரச்சினை."

அவன் பந்தோடு வந்தால் சிப்பாய்கள் வழி விடுகிறார்களாம். அடித்தால் கை தூக்காமல் நிற்கிறார்களாம். "நல்ல ஷாட் சார்!" என்கிறார்களாம். ஓட்டத்தில் பக்கத்தில் வருகிறவன் கோடு நெருங்கும்போது காலைத் தளர்த்திக்கொள்கிறானாம். "வேகமா வாடா, இது உத்தரவு" என்று கத்தியும் பார்த்திருக்கிறான். "எஸ் சார்" என்று சொல்லிவிட்டு மறுபடி அதே கதை. பந்து வெளியே போனால் இவன் திரும்புவதற்குள் பத்துப் பேர் ஓடுகிறார்களாம் எடுக்க.

"மரியாதைதானே கொடுக்குறாங்க, அதுக்கு ஏன்ப்பா வருத்தம்?" என்றேன்.

"மரியாதையைப் பரேட்ல வாங்கிக்கிறேன் அண்ணி. சாயங்காலமும் எதுக்கு?" என்றான்.

இவன் இப்படி இருக்க, வீட்டுக்காரர் தெருவெல்லாம் "என் தம்பியை ஆட்டத்தில் அடிச்சுக்க ஆளே இல்லையாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்புறம் ஒருநாள் அவன் சிரித்துக்கொண்டே போன் செய்தான். அவ்வளவு சிரிப்பை நான் அவன் கல்லூரி நாளுக்குப் பிறகு கேட்கவேயில்லை. மலைமேல் ஏதோ முகாம். சமையலுக்குப் புதிதாக ஒரு ஆள் அன்றுதான் வந்து இறங்கியிருக்கிறான். சாயங்காலம் இவன் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வாலிபால் ஆட நிற்கிறான். தோளில் நட்சத்திரம் இல்லை. புது சமையல்காரனுக்கு ஆள் யாரென்று தெரியாது. மற்றவர்கள் கண்ணைக் காட்டினதை அவன் பார்க்கவும் இல்லை.

"என்னைப் பார்த்து 'யோவ் பெரிசு, தூங்குறியா? பந்தைப் பாரு'ன்னான் அண்ணி! நெட்டுக்கு மேல என் பந்தை அப்படியே அமுக்கி என் மூஞ்சியிலேயே போட்டான். மூக்குல ரத்தம்!"

"ஐயோ!"

"ஐயோ இல்லை அண்ணி. தோத்துட்டேன். சுத்தமா தோத்துட்டேன்."

மறுநாள் காலையில் பரேடில் சீருடையோடு இவன் வந்து நின்றதும் சமையல்காரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவனும் கை தூக்காமல் நின்றான். "நல்ல ஷாட் சார்" என்றான். இதைச் சொல்லும்போது கொழுந்தனின் குரல் இறங்கிவிட்டது. "ஒரே ஒரு நாள் அண்ணி" என்று போனை வைத்தான். அடுத்த விடுமுறையில் மஞ்சள் பையும் ஆணிக்கு வந்துவிட்டது.

அந்த மூன்று பைகளையும் மாதம் ஒருமுறை வெயிலில் உதறிப் போட்டு, சாயங்காலம் திரும்ப மாட்டுவேன். பிரார்த்தனை செய்கிற மூலையிலிருந்து பார்த்தால் பின்னறைக் கதவு வழியாக அவை தெரியும். கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒருதரம் அவற்றைப் பார்த்துக்கொள்வேன். அவனுக்குக் கல்யாணமும் தகையவில்லை. பெண் பார்த்து வைத்தால் எல்லைக்குப் போய்விடுவான். "எதிரிக்குப் பயப்படாதவன் பொண்ணுக்குப் பயப்படுறான்" என்பார் வீட்டுக்காரர். "பயமில்லைண்ணே" என்று தொடங்குவான், முடிக்க மாட்டான்.

மேஜர் ஆனான். பிறகு முட்டி போயிற்று. குண்டடி இல்லை, ஒன்றுமில்லை. முதுகில் பாரத்தோடு மலை இறங்கும்போது இடது முட்டி திரும்பிக்கொண்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நடக்கலாம், மெல்ல ஓடக்கூடச் செய்யலாம். எகிறிக் குதிக்கிற வேலை மட்டும் கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின விடுமுறைக்கு வந்தவன் நேராகப் பின்னறைக்குப் போய் மஞ்சள் பையை இறக்கினான். கட்டிலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டான். நான் காப்பி கொண்டுபோனேன்.

"ஒரே ஒரு ஆட்டம் அண்ணி. யாரும் விட்டுக்கொடுக்காத ஆட்டம். அப்புறம் டாக்டர் என்ன வேணா வெட்டிக்கட்டும்."

அந்த வாரமே கல்லூரியில் பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் வாலிபால் இருந்தது. புது பிரின்சிபால் பட்டறைக்கே போன் போட்டு, மேட்சுக்கு உங்கள் தம்பி கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். இவன் அன்று காலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. முட்டிக்கு உறையை மாட்டி மாட்டிப் பார்த்தான். என் வீட்டுக்காரர் சீருடை போட்டுக்கொள்ளச் சொன்னார், கேட்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தான். நொண்டுவது தெரியக்கூடாது என்று வேகமாக நடந்தான்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் அவன் நின்றுவிட்டான். கோர்ட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்த சோபா. முன்னால் மேசை, தண்ணீர் பாட்டில், மைக். அவன் போட்டோ போட்ட பெரிய பேனர். பிரின்சிபால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஆட வந்தேன் சார்" என்றான் இவன்.

"மேஜர் சார் ஆடுறதாவது! பசங்க பயந்துடுவாங்க. நீங்க முதல் சர்வீஸ் போட்டுத் தொடங்கி வைங்க, அது போதும் எங்களுக்கு."

போட்டான். பந்து அந்தப் பக்கம் போய், நல்ல பிள்ளைகள் ஆறு பேருக்கு நடுவில் விழுந்து உருண்டது. ஒருத்தரும் கை நீட்டவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு மாணவன் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துத் துடைத்து இவனிடமே கொண்டுவந்து கொடுத்தான். இவன் அதை வாங்கிக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆட்டம் முழுக்க சோபாவில் உட்கார்ந்திருந்தான், மஞ்சள் பையை இரண்டு பாதத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. பரிசு கொடுத்தான். நாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசினான். போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்தது. சோபாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வாட்ச்மேன் நெட்டை அவிழ்க்க வந்தார். போகலாம் என்று இவன் பையைத் தோளில் மாட்டினான்.

அப்போது கேட்டில் ஒரு வண்டி வந்து நின்றது. சமையல் காஸ் சிலிண்டர் ஏற்றுகிற வண்டி. காலி சிலிண்டர்கள் கடகடவென்று ஆடின. முன்னாலிருந்து ஒரு ஆள் இறங்கினான். இறங்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவு பெரிய வயிறு.

"டேய் மூணுபை! ரெண்டு பை எங்கேடா, வித்துட்டியா?"

அது ஊசி. அந்தப் பேருக்கும் அந்த உடம்புக்கும் இனி சம்பந்தமே இல்லை. சிலிண்டர் போட்டு முடித்துவிட்டு மேட்சுக்கு ஓடிவந்தவன், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் பதறிவிட்டார். "ஏய், மரியாதையாப் பேசு. மேஜர் அவன்."

"மேஜரா? அப்ப சேர் போட்டு ஆடச் சொல்லுங்கண்ணே." வண்டியிலிருந்த சுமை தூக்குகிற ஆட்கள் இரண்டு பேரையும் இறங்கச் சொன்னான். "வாட்ச்மேன் ஐயா, நெட்டைத் தொடாதீங்க. மூணுக்கு மூணு. இவன்கூட நீங்களும் அண்ணனும்."

"நானா? எனக்கு என்னடா தெரியும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"தெரியாதவங்க இருந்தாத்தான்ணே அவன் தோக்குறதுக்கு ஒரு சாக்கு கிடைக்கும்."

கொழுந்தன் அதற்குள் உட்கார்ந்து முட்டி உறையை மாட்டிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் நெட்டுக்குக் கீழே குனிந்து ஊசியிடம் ரகசியம் பேசினார். அவர் ரகசியம் பட்டறை வரைக்கும் கேட்கும்.

"பார்த்து ஆடுடா. அவனுக்கு முட்டி சரியில்லை."

"எந்த முட்டிண்ணே?"

"இடது."

"சரிண்ணே."

ஊசி பின்னால் போய் முதல் சர்வீஸைப் போட்டான். பந்து குறி வைத்ததுபோல என் கொழுந்தனின் இடது பக்கம் வந்து விழுந்தது. அவன் எட்டவில்லை. "அடப் பாவி!" என்று வீட்டுக்காரர் கத்தினார். கொழுந்தன் நிமிர்ந்தான். அந்த முகத்தை நான் எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை. மண்ணை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, "வாடா காஸ் வண்டி" என்றான்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஆட்டமா, சண்டையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுமை தூக்குகிற ஆட்களுக்கு மேஜர் என்றால் என்னவென்று தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. சிலிண்டரைத் தள்ளுகிற கையால் பந்தை அறைந்தார்கள். வாட்ச்மேன் விசிலை வாயில் வைத்துக்கொண்டே ஆடினார், குதிக்கும்போதெல்லாம் அது கத்தியது. வீட்டுக்காரர் ஒரு பந்தை வயிற்றால் தடுத்தார். கொழுந்தன் நல்ல காலில் எகிறி அடித்த அடி ஒன்று ஊசியின் தோளில் பட்டு வானத்துக்குப் போயிற்று. "உனக்கு இன்னும் கை இருக்குடா" என்றான் ஊசி. "உனக்குத்தான் கால் இல்லை, வயிறுதான் இருக்கு" என்றான் இவன்.

நான் இடிந்த சுவரோரம் நின்றிருந்தேன். இருட்டத் தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் சமம், ஒரு பந்து பாக்கி என்று வாட்ச்மேன் சொன்னார். கொழுந்தன் இப்போது நன்றாகவே நொண்டினான். ஊசி அதைப் பார்த்துவிட்டான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். வாழ்நாளில் அன்றுதான் ஒரு ஆட்டத்துக்காக வேண்டிக்கொண்டேன். ஆண்டவனே, ஊசி மனசு இளகிவிடக் கூடாது. என் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்துவிடக் கூடாது.

பந்து வந்தது. இவன் திருப்பினான், அவர்கள் திருப்பினார்கள். ஒரு ஆள் தூக்கிக் கொடுக்க, அந்தப் பெரிய உடம்பு எப்படித்தான் எழும்பியதோ, ஊசி எழும்பி முழுப் பலத்தோடு அடித்தான். இடது பக்கம். கொழுந்தன் விழுந்து கையை நீட்டினான். விரலில் பட்ட பந்து என் தலைக்கு மேலே பறந்து சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவன் மண்ணில் குப்புறக் கிடந்தான். தூக்கிவிட யாரும் வரவில்லை. ஊசி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான்.

"எந்திரிடா. தோத்தவன்தான் பந்தை எடுக்கணும்."

என் வீட்டுக்காரர் பந்தை எடுக்கக் கிளம்பினார். நான் எட்டி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க நில்லுங்க" என்றேன். அவருக்கு நான் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை, நின்றுவிட்டார்.

கொழுந்தன் எழுந்தான். என்னைத் தாண்டிப் போனான், பார்க்கவில்லை. சுவரில் உட்கார்ந்து, வலிக்கிற காலைக் கையால் தூக்கி அந்தப் பக்கம் போட்டு இறங்கினான். முள்ளு சரசரத்தது. பிறகு சத்தமே இல்லை. பந்து எங்கே போய்விடும், பக்கத்தில்தான் கிடந்திருக்கும். அவன் வர வெகுநேரம் ஆயிற்று.

"என்னடா, பந்து எடுக்கப் போனியா, எல்லை காக்கப் போனியா?" என்று ஊசி கத்தினான்.

"வர்றேன்டா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. அது மேஜரின் குரல் இல்லை.

வந்தான். பந்தை ஊசியின் வயிற்றில் எறிந்தான். நேராகக் கம்பத்துக்குப் போய் நெட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். வாட்ச்மேன், "விடுங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்று கிட்டே போனார்.

"வேண்டாம் ஐயா. தோத்தது நான்" என்றான். இருட்டில் ஒவ்வொரு முடிச்சாகத் தடவித் தடவி அவிழ்த்தான். அவசரமே படவில்லை.

ஆபரேஷன் முடிந்துவிட்டது, நன்றாக நடக்கிறான். இப்போது மேஜையில் உட்கார்ந்து செய்கிற வேலை. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பேச்செல்லாம் தீர்ந்த பிறகும் போனை வைக்காமல் இருந்தான்.

"அண்ணி, மஞ்சள் பையை வெயில்ல போட்டீங்களா?"

"போட்டேன்ப்பா" என்றேன்.

இனி அந்தப் பைக்கு வேலையில்லை என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வெயிலில் போட்டேன் என்பது நிஜம். ஆனால் இந்தத் தடவை உதறவில்லை. உள்ளே அந்த மைதானத்து மண் கொஞ்சம் கிடக்கிறது. கிடக்கட்டும் என்று அப்படியே ஆணியில் மாட்டிவிட்டேன்.